ஆங்கிலத்தில் எங்கே அழுத்துவது, எங்கே விழுங்குவது: தமிழ் பேசுபவர்களுக்கான படிப்படி வழிகாட்டி

"நீயா நேற்று வந்தாய்?" "நீ நேற்றா வந்தாய்?" "நீ நேற்று வந்தாயா?" இவை மூன்று வேறு கேள்விகள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'ஆ' எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அங்கேதான் கேள்வி. 'தான்', 'ஏ', 'உம்' எல்லாம் இதே போலத்தான். ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லோடு ஒட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. அந்த வேலையின் பெரும்பகுதியை அங்கே குரல் செய்கிறது. ஒரு சொல்லை ஏற்றி நீட்டுகிறது, பக்கத்துச் சொற்களை அமுக்குகிறது. ஆங்கிலம் பேசும்போது நாம் 'ஆ'வையும் 'தான்'ஐயும் விட்டுவிடுகிறோம். அதற்கு ஈடான குரல் அசைவையும் போடுவதில்லை. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத வாக்கியத்துக்கும் எதிரில் இருப்பவர் "பார்டன்?" என்று கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

படிகளுக்குப் போகும் முன் ஒரு குறியீடு. ஆங்கிலச் சொற்களை இங்கே அசை பிரித்து, இடையில் கோடு போட்டு எழுதியிருக்கிறோம். ˈ என்ற குறிக்கு அடுத்து வரும் அசைதான் அழுத்தம் பெறும். பெரும்பாலான ஆங்கில அகராதிகள் உச்சரிப்பு தரும் இடத்தில் இதே குறியைத்தான் போடுகின்றன. அசைக்கு முன்னால் வரும், பின்னால் அல்ல. பலர் இதைத் தலைகீழாகப் படித்து, தவறான அசையை மாதக்கணக்கில் பழகிவிடுகிறார்கள்.

முதல் படி: அசையை எண்ணுங்கள்

ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. நம் யாப்பிலக்கணத்தின் நேர், நிரை அசைகளை இங்கே மறந்துவிடுங்கள். மோவாய்க்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மோவாய் எத்தனை முறை இறங்குகிறதோ, ஏறக்குறைய அத்தனை அசை.

நம் பிழை இங்கேயே தொடங்குகிறது. 'கார்ட்' ஓரசைச் சொல். நாம் 'கார்டு' என்று ஈரசையாக்குகிறோம். 'லைட்' 'லைட்டு' ஆகிறது, 'பேங்க்' 'பேங்கு' ஆகிறது, ஓரசையான 'ஃபில்ம்' நடுவில் ஓர் இகரம் வாங்கி 'ஃபிலிம்' ஆகிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பதால், நாக்கு தானாகவே கடைசியில் ஓர் உகரத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தில் நான்கு அசைகள் கூடினால் ஓட்டமே கெட்டுவிடும். தீர்வு எளியது: கடைசி மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்துவிடுங்கள். 'கார்ட் இஸ்' என்பதை 'கார்-டிஸ்' என்றே சொன்னால் உகரம் நுழைய இடமிருக்காது.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பதால் இல்லாத அசைகளை உண்டாக்குகிறோம். 'கம்ஃபர்டபிள்' நான்கு அசையல்ல, மூன்று: ˈகம்ஃப்-ட-பல். 'வெஜிடபிள்' ˈவெஜ்-ட-பல். 'சாக்லேட்' ˈசாக்-லட்.

இரண்டாம் படி: அழுத்தம் என்றால் சத்தம் அல்ல

அழுத்தம் பெறும் அசையில் நான்கு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன: குரலின் சுருதி மாறுகிறது, உயிர் நீள்கிறது, உயிர் முழு வடிவத்தில் ஒலிக்கிறது, கொஞ்சம் சத்தமும் கூடுகிறது. இவற்றில் கேட்பவர் எதை அதிகம் நம்புகிறார் என்பதை லண்டனில் ஒலியியலாளர் டென்னிஸ் ஃப்ரை 1950களில் சோதித்துப் பார்த்தார். சத்தத்தைவிட நீளம் பெரிது, சுருதி மாற்றம் அதைவிடப் பெரிது என்பது தெரியவந்தது. ஆனால் புதிதாகப் பழகுபவர்கள் செய்வது நேர்மாறு. சுருதியையும் நீளத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு குரலை மட்டும் உயர்த்துகிறார்கள். கேட்பவருக்கு அது அழுத்தமாகப் படுவதில்லை, கோபமாகப் படுகிறது.

இன்னொரு பழக்கம், அழுத்துவதற்காக மெய்யை இரட்டிப்பது. 'சிட்டி', 'காப்பி', 'லெட்டர்' எல்லாம் நமக்கு இரட்டை மெய். ஆங்கில எழுத்தில் இரட்டையாக இருந்தாலும் ஒலியில் ஒற்றைதான்: ˈசி-டி, ˈகா-ஃபி, ˈலெ-டர். நாக்கு மெய்யில் தங்கக் கூடாது, தட்டிவிட்டுப் போக வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் பேண்டைக் கட்டைவிரல்களில் மாட்டிக்கொள்ளுங்கள். அழுத்த அசையில் மட்டும் இழுங்கள், மற்ற அசைகளில் தளர விடுங்கள். கை இழுக்கும்போது குரலும் கூடவே நீளும்.

மூன்றாம் படி: விழுங்கப் பழகுங்கள்

எங்கள் கணிப்பில் தமிழர்களுக்கு அதிகப் பலன் தரும் படி இது. அழுத்தம் பெறாத ஆங்கில உயிர் பெரும்பாலும் சுருங்கி, மங்கி, எந்த உயிர் என்றே தெளிவாகத் தெரியாத ஒலியாகிவிடும். இதற்கு ஷ்வா என்று பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான்.

இது நமக்குப் புதிதென்று நினைக்க வேண்டாம். 'நடு', 'நாடு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'நடு'வில் உதடு குவிந்து உகரம் முழுதாக ஒலிக்கிறது. 'நாடு' என்பதில் உதடு சோம்பலாகக் கிடக்க, உகரம் அரை மாத்திரையாகக் குறைகிறது. பள்ளியில் படித்த குற்றியலுகரம்தான். உகரத்துக்கு நாம் செய்யும் அதே சுருக்கத்தை ஆங்கிலம் கிட்டத்தட்ட எல்லா உயிர்களுக்கும் செய்கிறது. 'பாடல்' என்பதில் டகரத்தின் அகரத்தைப் போகிற போக்கில் சொல்வோமே, ஷ்வாவுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அதனால் இந்தக் கட்டுரையில் ஷ்வாவை அகரமாகவே எழுதுகிறோம்.

இதில் நமக்குப் பெரிய தடை, ஏற்கெனவே தமிழுக்குள் வந்து குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்கள். அவை நெடிலும் இரட்டை மெய்யுமாக நம் வாயில் பதிந்துவிட்டன. ஆங்கிலத்தில் பேசும்போதும் அதே வடிவத்தில் வெளியே வருகின்றன. நெடில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அழுத்தம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். 'ஆபீஸ்' என்று இரண்டாம் அசையை நாம் நீட்டுகிறோம். ஆங்கிலத்தில் ˈஆ-ஃபிஸ், இரண்டாவது அசை குறுகி ஒடுங்கும். 'போலீஸ்' என்பதில் முதல் அசை ஷ்வா: ப-ˈலீஸ். 'ஹோட்டல்' ஹோ-ˈடெல். 'மேனேஜர்' ˈமே-னி-ஜர். 'டெவலப்மென்ட்' டி-ˈவெ-லப்-மன்ட். 'சர்டிபிகேட்' சர்-ˈடி-ஃபி-கட்.

ஒரு குடும்பத்தை மொத்தமாகத் திருத்திவிடலாம். காலேஜ், வில்லேஜ், மெசேஜ், பேக்கேஜ், டேமேஜ் என்று 'ஏஜ்' போட்டு நாம் முடிக்கும் பெயர்ச்சொற்கள் அநேகமாக எல்லாமே 'இஜ்' என்று முடியும்: ˈகா-லிஜ், ˈவி-லிஜ், ˈமெ-சிஜ். (மசாஜ் போல பிரெஞ்சிலிருந்து அண்மையில் வந்தவை இதில் சேராது.) அதே போல 'ஏட்' என்று முடிப்பவற்றில், வினைச்சொல் என்றால் 'ஏட்' சரி, பெயரோ உரிச்சொல்லோ என்றால் பெரும்பாலும் 'அட்'. மதிப்பிடு என்ற வினை ˈஎஸ்-டி-மேட். மதிப்பீடு என்ற பெயர் ˈஎஸ்-டி-மட். பிரைவேட் ˈப்ரை-வட், கிளைமேட் ˈக்ளை-மட்.

நான்காம் படி: அழுத்தம் எந்த அசையில்?

முழுமையான விதி கிடையாது. புதிய சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் பார்ப்பதே பாதுகாப்பு. ஆனாலும் சில வழிகாட்டல்கள் பெருமளவு உதவும்.

ஈரசைப் பெயர்களில் பெரும்பாலும் முதல் அசை, ஈரசை வினைகளில் பெரும்பாலும் இரண்டாம் அசை. ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டும் வரும் சொற்களில் இது பளிச்சென்று தெரியும். பதிவேடு ˈரெ-கார்ட், பதிவு செய் ரி-ˈகார்ட். பரிசு ˈப்ரெ-சன்ட், முன்வை ப்ரி-ˈசென்ட். அனுமதிச் சீட்டு ˈபர்-மிட், அனுமதி கொடு பர்-ˈமிட். ஆனால் 'ரிப்ளை', 'ரிப்போர்ட்' இரண்டும் பெயராக வந்தாலும் வினையாக வந்தாலும் இரண்டாம் அசையில்தான். 'ஆன்சர்' எப்போதும் முதல் அசையில்.

சொல்லின் வாலைப் பார்த்தும் பிடிக்கலாம். 'ஷன்', 'இக்', 'இட்டி' என்று முடிந்தால் அழுத்தம் அந்த வாலுக்கு நேர் முந்திய அசையில் விழும். வால் மாறினால் அழுத்தமும் இடம் மாறும்: இ-ˈலெக்-ட்ரிக், ஆனால் இ-லெக்-ˈட்ரி-ச-டி. ˈஃபோ-ட-க்ராஃப், ஃப-ˈடாக்-ர-ஃபி, ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். ஒரே வேர், மூன்று இடத்தில் அழுத்தம். ஒவ்வொரு முறையும் அழுத்தம் இழந்த அசை ஷ்வாவாக மங்குவதையும் கவனியுங்கள். விலக்குகளில் அடிக்கடி தேவைப்படுபவை: ˈபா-ல-டிக்ஸ், அ-ˈரித்-ம-டிக். 'ஈ', 'இயர்', 'ஈஸ்' என்ற வால்கள் தாங்களே அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும்: எம்-ப்ளா-ˈயீ, எஞ்-ஜி-ˈனியர், ஜா-ப-ˈனீஸ். 'கமிட்டி' மட்டும் இந்த வரிசையில் நிற்காது: க-ˈமி-டி.

இரண்டு சொல் சேர்ந்து ஒரு பொருளின் பெயரானால் முதல் சொல்லில் அழுத்தம்: ˈபஸ் ஸ்டாப், ˈக்ரெடிட் கார்ட். அடைமொழியும் பெயருமாகத் தனித்தனியே நின்றால் இரண்டாவது ஓங்கும்: ரெட் ˈகார். லண்டனில் தெருப் பெயர்களைச் சொல்வதில் ஒரு விசித்திரம் உண்டு. 'ஸ்ட்ரீட்' என்று முடிந்தால் முதல் சொல் ஓங்கும், ˈஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட். 'லேன்', 'ரோடு' என்று முடிந்தால் கடைசிச் சொல், பார்க் ˈலேன்.

எண்களில் கவனம் தேவை, பணமும் தேதியும் இதில்தான் மாறிப்போகும். 13 என்றால் தர்-ˈடீன், 30 என்றால் ˈதர்-டி. ஆனால் 13 பெயருக்கு முன்னால் வந்தால் அழுத்தம் முன்னுக்கு நகர்ந்து ˈதர்-டீன் ˈபேஜஸ் ஆகிவிடும். அப்போது வேறுபாட்டைக் காப்பது நீண்ட 'டீ'யும் 'ன்'னும்தான், அவற்றை விழுங்கிவிடாதீர்கள்.

பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகள் சில சொற்களில் பிரியும். விளம்பரம் என்பதற்கு பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மன்ட், அமெரிக்காவில் பெரும்பாலும் அட்-வர்-ˈடைஸ்-மன்ட். ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே தொடருங்கள்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் எல்லாச் சொல்லும் சமமல்ல

பெயர், வினை, உரிச்சொல், வினையுரி, வினாச்சொல், எதிர்மறை ஆகியவை அழுத்தம் பெறும். இணைப்புச் சொற்கள், முன்னிடைச் சொற்கள் ('டு', 'ஆஃப்' போன்றவை), பிரதிப்பெயர்கள், துணைவினைகள் பொதுவாகச் சுருங்கும். இந்த மூன்று வரிகளை மேசையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். தட்டு ˈ குறியில் மட்டும்.

ˈபாய்ஸ் ˈவாஷ் ˈகார்ஸ்.
த ˈபாய்ஸ் அர் ˈவாஷிங் த ˈகார்ஸ்.
த ˈபாய்ஸ் ஷட் அவ் பின் ˈவாஷிங் த ˈகார்ஸ்.

முதல் வரியில் 3 அசை, அடுத்ததில் 7, கடைசியில் 9. தட்டு என்னவோ மூன்றிலும் மூன்றுதான். மொழியியலாளர் கென்னத் பைக் 1945-ல் இத்தகைய மொழிகளை அழுத்தத்தால் நடப்பவை என்றும், மற்றவற்றை அசையால் நடப்பவை என்றும் பிரித்தார். பிற்பாடு கருவி வைத்து அளந்தபோது தட்டுகளுக்கு இடைப்பட்ட நேரம் துல்லியமாகச் சமமாக இல்லை. அதனால் தாளக் கருவி வைத்துப் பழக வேண்டாம், அது பேச்சை இயந்திரம் போலாக்கும். சின்னச் சொற்கள் நடுவில் ஒடுங்குகின்றன என்பது மட்டும் உறுதி, பழக வேண்டியதும் அதுதான்.

ஒடுங்கும் வடிவங்களில் அன்றாடம் தேவைப்படுபவை: 'டு' மெய்க்கு முன் 'ட', 'ஆஃப்' என்பது 'அவ்', 'ஃபார்' என்பது 'ஃபர்', 'அண்ட்' என்பது 'அன்', 'வாஸ்' என்பது 'வஸ்', 'ஹேவ்' துணைவினையானால் 'அவ்'. இதே சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் நின்றால் முழு உருவத்துக்குத் திரும்பிவிடும். "எஸ், ஐ ˈகேன்" என்பதில் 'கேன்' முழுதாக ஒலிக்க வேண்டும்.

'கேன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "என்னால் வர முடியும்" என்பது ஐ கன் ˈகம். "முடியாது" என்பது பிரிட்டிஷ் வழக்கில் ஐ ˈகான்ட் ˈகம், அமெரிக்க வழக்கில் ஐ ˈகேன்ட் ˈகம். பேச்சு வேகத்தில் கடைசி 'ட்' காதில் விழாது. எனவே அமெரிக்கர் ஒருவர் முடியும், முடியாது இரண்டையும் பிரித்தறிவது பெரும்பாலும் அழுத்தத்தை வைத்துத்தான். நாம் 'கேன்' என்று முழுதாக அழுத்தி "வர முடியும்" என்று சொன்னால், அவர் "வர முடியாது" என்று குறித்துக்கொள்ளக்கூடும். வேலை, சந்திப்பு, பணம் சார்ந்த பேச்சில் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது முதல் வாரத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

ஆறாம் படி: 'தான்' எங்கே போகிறது?

எழுத்தில் மாறாத ஒரே வாக்கியம்: "ஐ ஆர்டர்ட் டூ காஃபீஸ்."

ˈஐ என்பதில் குரல் ஏறி இறங்கினால்: நான்தான் சொன்னேன், வேறு யாருமல்ல.
ˈஆர்டர்ட் என்பதில்: சொல்லத்தான் செய்தேன், இன்னும் வரவில்லை.
ˈடூ என்பதில்: இரண்டுதான் கேட்டேன், மூன்று வந்திருக்கிறது.
ˈகாஃபீஸ் என்பதில்: காபிதான் கேட்டேன், இது டீ.

செய்முறை இதுதான். பேசும் முன், இதே வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் 'தான்', 'ஆ', 'உம்' எந்தச் சொல்லில் ஒட்டும் என்று பாருங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் அழுத்த அசையில் சுருதியை ஏற்றி அங்கிருந்தே இறக்குங்கள். அதற்குப் பின்னால் வரும் சொற்கள் எல்லாம் தாழ்ந்த சுருதியில், தட்டையாக ஓட வேண்டும். புதியவர்கள் கோட்டைவிடும் இடம் இது. சரியான சொல்லை ஏற்றிவிட்டு, கடைசிச் சொல்லையும் பழக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு ஏற்றம் வந்தால் முதல் ஏற்றம் வீண்.

'தான்' எதிலும் ஒட்டாத சாதாரணச் செய்தி என்றால், பொருளுள்ள கடைசிச் சொல்லில் ஏற்றுங்கள். ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்ட சொல்லை மட்டும் ஏற்றக் கூடாது. "டீ வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டபின் "ஐ டோன்ட் ˈலைக் டீ" என்றுதான் வரும். 'டீ'யைத் திரும்பவும் ஏற்றினால், அவர் பேசியதைக் கேட்காமல் பதில் சொன்னது போலிருக்கும்.

ஏழாம் படி: இறக்கமும் ஏற்றமும்

தொடக்கத்துக்கு மூன்று மெட்டுகள் போதும். முடிந்த செய்திக்கும் வினாச்சொல்லில் தொடங்கும் கேள்விக்கும் இறக்கம் ↘. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ஏற்றம் ↗. பட்டியலில் கடைசி உருப்படி தவிர மற்றவற்றுக்கு ஏற்றம், கடைசிக்கு இறக்கம். ஏற்றமோ இறக்கமோ, ஆறாம் படியில் தேர்ந்த அந்தச் சொல்லின் அழுத்த அசையில்தான் தொடங்கும்.

"ஸாரி ↘" என்றால் மன்னிப்பு. "ஸாரி ↗" என்றால் "காதில் விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள்". "இட்ஸ் ˈகோல்ட், ˈஇஸன்ட் இட் ↘" என்றால் குளிர்கிறது என்று தெரிந்தே ஒத்துக்கொள்ளக் கேட்பது. "ˈஇஸன்ட் இட் ↗" என்றால் உண்மையான சந்தேகம்.

மெட்டு மாறினால் மனிதர்களுக்குள் என்ன நடக்கும் என்பதற்கு மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் பதிவுசெய்த ஒரு நிகழ்வு உண்டு. பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். இறைச்சி வாங்குபவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். பிரிட்டிஷ் ஊழியர்கள் "கிரேவி ↗" என்று கேட்டார்கள். இந்தப் பெண்கள் "கிரேவி ↘" என்றார்கள். கேட்டவர்களுக்கு அது "இது கிரேவி, விருப்பமிருந்தால் எடு" என்று ஒலித்தது. மரியாதை தெரியாதவர்கள் என்று அவர்களைக் குறை சொன்னார்கள். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டும் வரை என்ன தவறு என்று இரு தரப்புக்கும் விளங்கவில்லை. தமிழில் இதே இடத்தில் "குழம்பு ஊற்றவா?" என்போம். குரல் இறங்கினாலும் அந்த 'ஆ' கேள்வியைக் காப்பாற்றிவிடும். ஒற்றைச் சொல்லாகக் கேட்கும் ஆங்கிலக் கேள்வியில் காப்பாற்ற ஏற்றம் மட்டுமே இருக்கிறது.

தினப் பயிற்சி

ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும். செய்தி வாசிப்பை எடுக்காதீர்கள், அதற்கென்று தனி மெட்டு உண்டு, நேர்காணல்களே நல்லது. 20 விநாடித் துண்டு ஒன்றை எடுங்கள், ஏறக்குறைய 50 சொற்கள் இருக்கும். மூன்று முறை கேளுங்கள். எழுதி வைத்துக்கொண்டு, ஓங்கும் அசைகளுக்கு ˈ போடுங்கள், ஒடுங்கும் சொற்களை அடிக்கோடிடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு "ம்ம்" என்று மெட்டை மட்டும் முனகுங்கள். இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். சொற்கள் இல்லாதபோதுதான் சுருதி உண்மையில் நகர்கிறதா என்பது தெரியும். அதன்பின் பேசுபவரோடு சேர்ந்து சொல்லுங்கள், கடைசியில் தனியாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒரே துண்டை மூன்று நான்கு நாள் வைத்திருங்கள். தினம் ஒன்று மாற்றினால் காது பழகும், வாய் பழகாது.

கணினி இருந்தால் பிராட் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது. உங்கள் பதிவைத் திறந்தால் சுருதி நீலக் கோடாகத் தெரியும். ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 ஹெர்ட்ஸ் என்று எல்லையை அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோடு திடீரென்று இரட்டிப்பாகவோ பாதியாகவோ தாவி உங்களைக் குழப்பும். மூலப் பதிவோடு ஒப்பிடும்போது எண்களை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். நம்மில் பலருடைய கோடு ஒரே உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகளாக இருக்கும். மூலப் பதிவில் ஒரு மேடு மட்டும் தெளிவாக ஓங்கி, அங்கிருந்து அடிமட்டம் வரை சரியும்.

முதல் பதிவுக்கு நீண்ட வாக்கியம் வேண்டாம். 'ஸாரி' என்பதை இரண்டு முறை சொல்லுங்கள், ஒன்று ↘, ஒன்று ↗. திரையில் இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஏழாம் படிக்குத் திரும்பி, முதலில் வாயை மூடி முனகிவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள்.